தேருக்கு வழி விடும் தெரு பஸ்ஸுக்கு விடாதா?

மதுரைக்கு மெட்ரோ இரயில் வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அனுப்பிய திட்டத்தை, டில்லி சர்க்கார் 2025 நவம்பர் மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்ட சங்கதி நமது வாசகர்கள் அறிந்ததேயாகும். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரையில் சுமார் 32 கிலோமீட்டர் தூரத்துக்கு, பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் போடுவதாக இருந்த அந்தப் பாதை, தோப்பூர், திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை வழியாகவே மதுரை ஜங்ஷனுக்குப் போவதாக இருந்தது. ஆகவே இந்தச் சேதி கேட்டு மற்றெல்லோரையும் விடத் திருநகர்வாசிகள் அதிகமாக மனம் வருந்தினார்களென்றால் அதில் ஆச்சரியமில்லை.

திருப்பி அனுப்பியதற்கு டில்லியார் சொன்ன காரணங்களில் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளுவோம். ஒன்று, 2017-ம் வருஷத்து மெட்ரோ இரயில் கொள்கைப்படி இருபது லட்சம் ஜனத்தொகையாவது இருக்கவேண்டும், மதுரைக்கு 2011 ஜனக்கணக்குப்படி அவ்வளவு இல்லை என்பது. மற்றொன்று, மதுரையில் இப்போதுள்ள பிரயாணிகளின் எண்ணிக்கைக்கு, தனிப்பாதையில் ஓடும் விரைவு பஸ்ஸே பொருத்தமானது என்பது.

முதல் காரணம் யோக்கியமான காரணமல்ல என்றே சொல்லுவோம். ஆக்ராவுக்கும் போபாலுக்கும் அதே 2011 கணக்கில் இருபது லட்சம் ஜனங்கள் கிடையாது. அந்தக் கொள்கை வந்த பிறகுதான் அவ்விரண்டு ஊர்களுக்கும் மெட்ரோ அனுமதி கொடுக்கப்பட்டது. அங்கே இடம் கொடுத்த சட்டம் இங்கே இடம் கொடுக்காதென்றால், அது சட்டமா அல்லது ஆளுக்கு ஏற்ற படியளப்பா என்று கேட்கின்றோம். அன்றியும், பதினான்கு வருஷத்துக்கு முந்திய கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய ஊருக்குத் தேவை நிர்ணயிப்பது, பத்து வயதில் எடுத்த அளவை வைத்து இருபத்தைந்து வயதுக்காரனுக்குச் சட்டை தைப்பது போன்றதாகும். இந்த அநீதியை எதிர்த்து மதுரை கேட்கவேண்டியதைக் கேட்டே தீரவேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இரண்டாவது காரணத்தை நாம் கோபத்தில் தூக்கி எறிந்துவிடக் கூடாதென்று சொல்லவே இத்தலையங்கம் எழுதுகின்றோம். பஸ்ஸே போதும் என்று டில்லி சொன்னதைக் கேட்டு, "எங்களைப் பட்டிக்காடு என்று நினைத்தாயா? பஸ்தானா எங்களுக்கு?" என்று நம்மவர்களில் பலர் பேசினார்கள். இந்தப் பேச்சில்தான் நமக்கு வருத்தம் உண்டாகின்றது. பஸ் என்றால் இழிவு, அது இல்லாதவன் ஏறுவது என்கிற எண்ணம் நம் புத்தியில் எப்போது எப்படி வந்து உட்கார்ந்தது? பஸ்ஸில் போகிறவனுக்கு ரோட்டில் பாத்தியம் குறைவு என்று எந்தச் சட்டம் சொல்லிற்று?

டில்லியார் வாய் வார்த்தையாகச் சொன்னதை நாம் கையெழுத்தாக மாற்றிக் கேட்க வேண்டாமா? "நல்லது, பஸ்தான் பொருத்தமென்று நீயே சொன்னாய். அப்படியானால் அந்தத் தனிப்பாதைக்கு உன் பங்குப் பணம் எங்கே?" என்பது டில்லிக்கு நாம் போடவேண்டிய கேள்வி. "டில்லி உத்தரவு இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய காரியம் இது, ஏன் செய்யவில்லை?" என்பது மாகாண அரசாங்கத்துக்கும் மதுரைக் கார்ப்பரேஷனுக்கும் போடவேண்டிய கேள்வி. இரண்டையும் விட்டுவிட்டு, மெட்ரோ வரும் வரும் என்று தண்டவாளம் போடாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, மழைக்கு யாகம் செய்துவிட்டு ஏரிக்கரையை உடைந்தபடியே விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

நிற்க, நமது ரோட்டின் நிலையைச் சற்றுப் பார்ப்போம்.

திருநகரும் அடுத்த ஹார்விபட்டியும் பழைய குடியிருப்புகள். ஹார்விபட்டி என்பது மில் தொழிலாளர்களுக்கென்று உண்டான ஊர். 2011-ல் மதுரைக் கார்ப்பரேஷன் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது இவ்வூர்களெல்லாம் மாநகரத்தோடு சேர்க்கப்பட்டன. வரிச்சீட்டு மாநகரச் சீட்டாகிவிட்டது. ஆனால் திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் நின்று பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏறுகிற ஒரு ஸ்திரீக்கு, மாநகரவாசி என்கிற முறையில் பாதையில் என்ன சலுகை கிடைத்தது?

பசுமலை, மூலக்கரை, பைக்காரா, பழங்காநத்தம், ஆண்டாள்புரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் செல்ல வேண்டிய தூரம் மொத்தத்தில் எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். சைக்கிளை நிதானமாக மிதித்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் காலை எட்டரை மணிக்கு பஸ்ஸில் ஏறியவர் எத்தனை மணிக்கு இறங்குவார் என்று அந்த பஸ்ஸை ஓட்டும் டிரைவராலும் சொல்ல முடியாது. ஸ்டாப்பில் பஸ் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் கார் நிற்கின்றது. அதற்கு முன்னால் இரண்டு ஆட்டோ நிற்கின்றது. ஆகவே பஸ் நடுரோட்டில் நிற்கின்றது. ஏறவேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரியும் கைத்தடிக்காரரும் உள்பட, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளுகின்றார்கள். ஒரு காரில் ஒருவர் சௌகரியமாக இறங்கிக் காப்பி சாப்பிடுவதற்காக, ஒரு பஸ்ஸில் அறுபது பேர் காத்துக்கிடக்கிறார்கள். இதை அக்கிரமம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வழக்கமாகிப் போய்விட்டது. வழக்கமாகிப்போன அக்கிரமத்தைத்தானே நமது நாட்டில் தர்மம் என்கின்றார்கள்!

இன்னொன்று. "அரை மணி நேரமாக ஒரு பஸ்ஸும் வராது, வந்தால் மூன்றும் சேர்ந்து வரும், எல்லாம் நம் தலையெழுத்து" என்று ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இது தலையெழுத்தும் அல்ல, கிரகக் கோளாறும் அல்ல. இதற்குக் காரணம் இருக்கின்றது. முதல் பஸ் எங்கேயோ ஐந்து நிமிஷம் மாட்டிக்கொள்ளுகின்றது. அந்த ஐந்து நிமிஷத்தில் அடுத்த ஸ்டாப்பில் ஆட்கள் அதிகம் சேருகிறார்கள். அத்தனை பேரையும் ஏற்ற அதிக நேரமாகின்றது. ஆகவே அது இன்னும் பின்தங்குகின்றது. அதற்குப் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆள் இல்லை. ஆகவே அது வேகமாக வந்து முதல் பஸ்ஸின் முதுகைப் பிடித்துவிடுகின்றது. மூன்றாவதும் அப்படியே. முதலில் மாட்டிக்கொண்ட அந்த ஐந்து நிமிஷத்தை நீக்கினால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். காரணம் தெரிந்தால் பரிகாரம் தெரியும். பகுத்தறிவு என்பது இவ்வளவுதான்.

தாமதத்தால் நஷ்டம் பிரயாணிக்கு மட்டுமல்ல. ஒரு உதாரணக் கணக்குப் பாருங்கள். ஒரு தடத்தில் ஆறு பஸ் ஓடுவதாகவும், போய்த் திரும்ப ஒரு பஸ்ஸுக்கு 90 நிமிஷம் ஆவதாகவும் வைத்துக்கொள்ளுவோம். ஸ்டாப்பில் நிற்பவருக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ் கிடைக்கும். ரோட்டில் இடைஞ்சலை நீக்கி அதே பிரயாணத்தை 60 நிமிஷத்தில் முடிக்க வழி செய்தால், அதே ஆறு பஸ், அதே டிரைவர்கள், அதே கண்டக்டர்களைக் கொண்டு 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடலாம். புது பஸ் ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. இன்றைக்கு நாம் என்ன செய்கிறோமென்றால், சர்க்கார் பணத்தில் டீசல் வாங்கி, சர்க்கார் சம்பளத்தில் ஆள் போட்டு, பஸ்ஸை பழங்காநத்தத்தில் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு, போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் நடக்கின்றது என்று புலம்புகின்றோம்.

பஸ் என்பது நமது மாகாணத்தில் சாதாரண விஷயமல்ல. 1972-ல் பஸ்கள் பொதுவுடைமையாக்கப்பட்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உண்டாயிற்று. அதுவரை தனி முதலாளிகள் கையிலிருந்த பஸ் பொதுஜனங்களின் சொத்தாயிற்று. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாமென்று உத்தரவாயிற்று. மாநிலத் திட்டக் குழுவார் நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் ஆகிய இடங்களில் விசாரித்தபோது, இந்த ஏற்பாட்டினால் ஒரு பெண்ணுக்கு மாதத்தில் சராசரி 888 ரூபாய் மீதமாவதாகக் கண்டார்கள். வீட்டு ஆண்பிள்ளையிடம் கையேந்தாமல் ஒரு பெண் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர முடிகின்றதென்றால், இதைவிடச் சுயமரியாதைப் பிரசாரம் வேறென்ன வேண்டும்? ஆனால் டிக்கெட்டை இலவசமாக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் பொழுதை மட்டும் ரோட்டில் வாரி இறைத்துவிடுவது எவ்வளவு தூரம் நியாயமாகும்? பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள் நேரத்தையும் மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டாமா? பொழுது விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு ஸ்டாப்புக்கு ஓடி வருகிறவளுக்கு, பணத்தை விட நேரத்துக்கே பஞ்சம் அதிகம்.

தெரு யாருக்குச் சொந்தம் என்பது நமது இயக்கத்துக்குப் புதிய கேள்வி அல்ல. 1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் எதற்காக? கோவிலுக்குள் போவதற்காகவா? இல்லை. கோவிலைச் சுற்றியுள்ள ரோட்டில் நடப்பதற்காக. நாயும் பன்றியும் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கக்கூடாது என்றார்கள். அதற்காகப் பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். 

அதற்குப் பிறகு மோட்டார் பஸ்கள் பெருகின காலத்தில், தெருவில் இருந்த ஜாதி பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்று சில பஸ் முதலாளிகள் வைத்துக்கொண்டார்கள். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், அப்படி ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அவர் சாஸ்திரிகளைக் கூப்பிட்டு வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. மனமாற்றம் வரட்டும் என்று காத்திருக்கவுமில்லை. லைசென்ஸ் தன் கையிலிருந்தது, அதை உபயோகித்தார். பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள்.

அன்று பஸ்ஸுக்குள்ளே ஏற உரிமை வந்தது. இன்று அந்த பஸ்ஸையே ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சொந்த வாகனம் உள்ளவனுக்கு ரோட்டின் நடு, இல்லாதவனுக்கு ரோட்டின் சாக்கடை ஓரம் என்பது வர்ணாசிரமத்தின் புதுப் பதிப்பேயாகும். இதில் காரோட்டி மேல் வருணம், மோட்டார் சைக்கிள்காரன் அதற்கடுத்தவன், பஸ் பிரயாணி அதற்கும் கீழே. நடந்து போகிறவனோ வருணத்துக்கே புறம்பானவன்! அவன் நடக்க வேண்டிய மேடையில் கடைச் சாமானும் மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. அவன் ரோட்டில் இறங்கினால் "சாகவா வந்தாய்?" என்று கேட்கின்றார்கள்.

இனி ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

"ரோடு குறுகலாயிற்றே, அதில் பஸ்ஸுக்குத் தனியாக எப்படி ஒதுக்குவது?" என்பார்கள். ரோடு குறுகலாக இருப்பதால்தான் ஒதுக்க வேண்டும் என்கின்றோம். சோறு குறைவாக இருக்கும் வீட்டில்தான் அளந்து போடவேண்டும். அறுபது பேர் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். அதே அறுபது பேர் காருக்கு இரண்டு பேராகப் போனால் முப்பது கார் வேண்டும். முன்னும் பின்னும் இடைவெளியோடு காருக்கு 6 மீட்டர் வைத்தால், வரிசை 180 மீட்டர் நீளும். பஸ்ஸோ 12 மீட்டர். அமெரிக்க நாட்டு நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கத்தார் போட்ட கணக்குப்படி, ஒரே அகலமுள்ள ஒரு தடத்தில் சொந்த மோட்டார்கள் மாத்திரம் போனால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை போகலாம். அதையே பஸ்ஸுக்கென்று ஒதுக்கி அடுத்தடுத்து பஸ் விட்டால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம். இது கார் மிகுந்த நாட்டான் போட்ட கணக்கு. ரோடு வண்டிகளுக்கல்ல, மனிதர்களுக்கே என்று இந்திய சர்க்காரின் 2006-ம் வருஷத்து நகரப் போக்குவரத்துக் கொள்கையும் சொல்லுகின்றது. எழுதி வைத்ததைப் படித்து நடப்பதில்தான் நம்மவர்களுக்குச் சிரமம்.

"மேம்பாலம் கட்டினால் தீர்ந்துபோகுமே" என்பார்கள். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2023-ல் மேம்பாலம் திறந்தார்கள். தூரத்து ஊருக்குப் போகிறவனுக்கு அது உபயோகமே, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் பாலத்தின் மேலா நிற்கிறான்? கீழேதான் நிற்கிறான். ரோட்டை மாடி வீடாக்கி மாடியைக் காருக்கும் கீழ்த்தளத்தைப் பஸ்ஸுக்கும் கொடுப்பது அவனுக்கு ஒரு நிமிஷத்தையும் மிச்சப்படுத்தாது. அன்றியும் ரோடு பெருகப் பெருக அதை நிரப்ப வாகனமும் பெருகுகின்றது என்பது உலகமெங்கும் கண்ட அனுபவம்.

"கடைக்காரர்களுக்கு வியாபாரம் கெட்டுப்போகும்" என்பார்கள். சென்னையில் பாண்டி பஜாரில் 2019-ல் கார் நிற்கும் இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு அகலமான மேடை போட்டபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. இன்றும் அங்கே கடைகள் இருக்கின்றன, ஜனக்கூட்டமும் இருக்கின்றது. அந்த பஜாரின் பெயரிலுள்ள பாண்டி யாரென்றால், நாம் மேலே சொன்ன அதே சௌந்தரபாண்டியனார்தான்! பஸ்ஸில் ஜாதியை இறக்கிவிட்டவர் பெயரிலுள்ள தெருவில், நடப்பவனுக்கு முதல் மரியாதை கிடைத்தது பொருத்தமேயாகும். நமது கடைக்காரத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம்: உங்கள் கடை வாசலில் ஒரு கார் நின்றால் ஒரு குடும்பம் வரும், ஒரு பஸ் நின்றால் ஊரே இறங்கும். தெருவோரத்தில் பூவும் பழமும் விற்கிறவர்களை விரட்டிவிடுவதும் நமது நோக்கமல்ல. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்து, நடைமேடையையும் காப்பாற்றலாம்.

"டில்லியில் செய்து பார்த்துத் தோற்றுப்போன காரியமாயிற்றே" என்பார்கள். இது கவனிக்கத் தக்க ஆட்சேபணை. டில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை சுமார் ஆறு கிலோமீட்டருக்கு 2008-ல் பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டார்கள். காரில் போகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும் அன்றே கூச்சல் கிளப்பினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 2012-ல் டில்லி ஹைகோர்ட்டார் அந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2016-ல் சர்க்காரே அதை இடித்துவிட்டது. போபாலில் 2024-ல் இடித்தார்கள். இந்தூரிலும் 2025-ல் அகற்ற உத்தரவாயிற்று. ஆனால் 1974-ல் பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரத்தில் ஆரம்பித்தது இன்றும் ஓடுகின்றது. கொலம்பியா நாட்டுப் பொகோட்டாவில் 2000-ம் வருஷத்தில் ஆரம்பித்தது ஓடுகின்றது. நமது நாட்டிலேயே அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகின்றது. லண்டன்காரன் 1968-ல் ஒரு பாலத்தின் மேல் பஸ்ஸுக்கென்று முதல் தடத்தைக் கோடு போட்டு ஒதுக்கினான், பிறகு ஊரெங்கும் ஒதுக்கினான்.

ஓரிடத்தில் ஓடுவதும் ஓரிடத்தில் இடிபடுவதும் எதனால்? தடம் போட்டால் மட்டும் போதாது, அதில் அடுத்தடுத்து பஸ் ஓடவேண்டும். பஸ் அபூர்வமாக வரும் தடத்தைப் பார்த்தால் பக்கத்தில் நெரிபடுகிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். சந்திப்புகளில் சிக்னல் நேரத்தைப் பஸ்ஸுக்கேற்பத் திருத்தவேண்டும். தடத்தில் புகும் மற்ற வண்டிகளுக்குத் தயவு தாட்சண்யமின்றி அபராதம் போடவேண்டும். ஸ்டாப்புக்குப் போய்ச் சேர நடைமேடையும் ரோடு கடக்க வழியும் வேண்டும். இவற்றைச் செய்யாமல் இரும்புக் கிராதியை மட்டும் நட்டுவிட்டால் அது தோற்கத்தான் தோற்கும். மருந்தைக் கால் அளவு சாப்பிட்டுவிட்டு வைத்தியம் பொய் என்று சொல்லக்கூடாது. அன்றியும், டில்லியில் காரில் போகிறவன் கூச்சல் கோட்டைக்குள் கேட்டது, பஸ்ஸில் போகிறவன் பெருமூச்சு கேட்கவில்லை. அவன் சங்கம் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் தோல்விக்கு ஒரு காரணமென்பதை நாம் மறக்கக்கூடாது.

"இதெல்லாம் ஜனங்கள் கேட்கமாட்டார்கள், நம் ஊரில் நடவாது" என்பது கடைசி ஆட்சேபணை. நடவாதா? மதுரையில் சித்திரைத் தேர் ஓடும் நாளைப் பாருங்கள். நான்கு மாசி வீதிகளிலும் ஒரு மோட்டார் வண்டி நுழைய முடியுமா? போலீசார் முதல் நாளே அறிக்கை விடுகிறார்கள், இந்தத் தெரு அடைப்பு, அந்த வழியாகப் போகவும் என்று. கடைக்காரர் வியாபாரம் கெடுகிறதென்று சொல்லுவதில்லை. கார்க்காரர் கோர்ட்டுக்குப் போவதில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிறாரென்றால் பாலமும் ரோடும் ஊர் முழுவதும் ஒதுங்கி வழிவிடுகின்றது. மரத்தாலும் இரும்பாலும் செய்த தேரில் உலோகத்தால் செய்த சாமியை வைத்து, அது எங்கே போகவேண்டுமென்ற அவசரமும் இல்லாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்கு, தெரு முழுவதையும் ஒதுக்கித் தருகின்றோம். உயிருள்ள அறுபது மனிதர்களை ஏற்றிக்கொண்டு, மில்லுக்கும் ஆபீசுக்கும் காலேஜுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் குறித்த நேரத்தில் போகவேண்டிய பஸ்ஸுக்குத் தெருவில் ஒரே ஒரு தடத்தை ஒதுக்கித் தரக்கூடாதென்றால், நாம் மனிதனைவிடப் பொம்மைக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்?

பக்தர்களான தோழர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் அந்த பஸ்ஸில்தான் நிற்கிறார்கள். 2025 டிசம்பரில் திருப்பரங்குன்றம் மலைமேல் தீபத்தை எந்தத் தூணில் ஏற்றுவது என்பது ஹைகோர்ட்டு வரையில் போய், ஊரே அமளிப்பட்டது. மலைக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் இருட்டில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு விளக்குப் போடு என்று நம்மில் எத்தனை பேர் கார்ப்பரேஷனுக்கு ஒரு மனுவாவது எழுதியிருப்போம்? மலைமேல் விளக்குக்குச் சண்டை போடத் தூண்டுகிறவர்கள் எவரும் பஸ்ஸுக்கு நிற்பவர்களல்ல என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.

நாம் வேண்டுவது என்னவென்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம்.

1. திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரை, அகலம் உள்ள இடங்களிலெல்லாம் பஸ்ஸுக்கு ஒரு தடம் நிறம் பூசி ஒதுக்கப்பட வேண்டும். அகலமில்லாத இடங்களில், குறைந்தபட்சம் சந்திப்புக்கு முன்னால் பஸ் மற்ற வண்டிகளைத் தாண்டி முன்னே வந்து நிற்க வழி விடவேண்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அத்தடம் திறந்திருக்க வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, எந்த ரோட்டில் எந்த வண்டி போகலாம் என்று கட்டுப்படுத்த மாகாண அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றது. சௌந்தரபாண்டியனார் கையில் லைசென்ஸ் இருந்தது போல இவர்கள் கையில் சட்டம் இருக்கின்றது.

2. சிக்னல் கம்பத்துக்கு பஸ் வருவது தெரிந்து, பச்சை விளக்கைச் சில வினாடிகள் நீட்டிக்கொடுக்கும் சாதனம் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கின்றது. அதைப் பழங்காநத்தம் முதலிய சந்திப்புகளில் வைக்க வேண்டும்.

3. பஸ் ஸ்டாப்பில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நின்றால் காமிரா படம் பிடித்து அபராதச் சீட்டு வீட்டுக்குப் போகவேண்டும். மந்திரி வண்டியானாலும், மடாதிபதி வண்டியானாலும், நமது இயக்கத்தார் வண்டியானாலும் சரியே.

4. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிழல், விளக்கு, உட்கார இடம், பஸ் படிக்கு ஏற்ற உயரத்தில் மேடை ஆகியவை வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்கிவிடாமல் தாமே ஏறும்படியாக இருக்கவேண்டும். பிறர் தயவில்லாமல் போய்வருவதும் சுயமரியாதைதான்.

5. ஸ்டாப் வரை நடந்துவர மேடையும், ரோட்டைக் கடக்க விளக்குடன் கூடிய கோடும், சைக்கிள் விட இடமும், ஷேர் ஆட்டோ நிற்கத் தனி இடமும் வேண்டும். ஷேர் ஆட்டோ பஸ்ஸுக்குப் பகையல்ல. உட்தெருவிலிருந்து ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தால் அது பஸ்ஸுக்குத் தோழனாகும்.

6. மதுரை ஜங்ஷனும் பெரியார் நிலையமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். பெரியார் நிலையத்தின் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். ஆனால் இரயிலிலிருந்து இறங்குகிறவன் மூட்டையோடு வண்டிகளின் நடுவே தத்தளிக்காமல் பஸ்ஸுக்கு வர, நிழலுள்ள நேர் நடைபாதை வேண்டும். திருப்பரங்குன்றம் இரயில் நிலையத்துக்கும் இரயில் நேரத்தை அனுசரித்து பஸ் வரவேண்டும். சென்னையில் பஸ், மெட்ரோ, மின்சார இரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டாக எடுக்க 2025 செப்டம்பரில் ஏற்பாடு செய்தார்கள். சென்னைக்கு ஆனது மதுரைக்கு ஏன் ஆகாது?

7. ரோடு ஒரு இலாகா, விளக்கு ஒரு இலாகா, போலீஸ் ஒரு இலாகா, பஸ் ஒரு இலாகா என்று நால்வரும் நான்கு திசை காட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடவாது. இந்த ஒரு ரோட்டுக்காவது ஒரு பொறுப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரை ஸ்டாப்பில் எழுதிப் போடவேண்டும்.

இதற்குப் பதினோராயிரம் கோடி வேண்டியதில்லை. பூமியைத் தோண்ட வேண்டியதில்லை. பூச்சும் பலகையும் காமிராவும், எல்லாவற்றுக்கும் மேலாக மனத்துணிவும் வேண்டும். நாளைக்கு மெட்ரோ வந்தாலும் இது வீணாகாது. மெட்ரோ ஸ்டேஷனுக்கு வந்து சேரவும் பஸ்ஸும் நடைமேடையும் வேண்டியதுதானே.

நம்மிலும் பலர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றோம். அதை மறைக்கவில்லை. பஸ்ஸை நம்ப முடியாமல்தான் மாதத் தவணைக்கு வாங்கினோம், வட்டி கட்டுகின்றோம், மழையில் நனைகின்றோம். பஸ் நேரத்துக்கு வருமானால் நம்மில் பாதிப்பேர் அதை வீட்டில் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் பஸ்ஸில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு போவோம். ஆகவே பஸ் தடம் என்பது வண்டிக்காரனுக்கு விரோதமானதல்ல. அவனுடைய கடனுக்குத்தான் விரோதமானது.

கடைசியாகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். நாம் சொல்லுவதை நம்ப வேண்டாம். எதையும் பிறர் சொன்னார் என்பதற்காக நம்பக்கூடாதென்பதே நமது கொள்கை. ஒரு வேலை நாளில், காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை, பழங்காநத்தத்தில் இரண்டு பேர், பசுமலையில் இரண்டு பேர், திருநகரில் இரண்டு பேர் நின்று எண்ணுங்கள். எத்தனை கார், அதில் எத்தனை ஆள். எத்தனை மோட்டார் சைக்கிள், அதில் எத்தனை ஆள். எத்தனை பஸ், அதில் எத்தனை ஆள். நடந்து போனவர் எத்தனை. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எவ்வளவு நேரம் எதற்காக நின்றது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை. பென்சிலும் பொறுமையும் போதும். அந்தக் கணக்கை எழுதி, பஸ் பிரயாணிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதி கலெக்டருக்கும், ஒரு பிரதி கார்ப்பரேஷன் மேயருக்கும், ஒரு பிரதி நமது பத்திரிகைக்கும் அனுப்புங்கள். நாம் அதை அப்படியே வெளியிடுகின்றோம்.

அதிகாரிகள் நமது அபிப்பிராயத்தைத் தள்ளிவிடலாம். கணக்கைத் தள்ளுவது கடினம். ஓட்டுக் கேட்க வருகிற எந்தக் கட்சிக்காரனையும், "திருநகர் ரோட்டில் பஸ்ஸுக்குத் தடம் போடுவாயா, மாட்டாயா? ஒரே வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். ஓட்டு என்று வந்தால் காரில் வருகிறவனுக்கும் ஒன்றுதான், பஸ்ஸில் வருகிறவனுக்கும் ஒன்றுதான். ரோட்டிலும் அந்தக் கணக்கே நடக்கட்டும் என்பதுதான் நமது கோரிக்கை.